கணுக்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கட்டி வராமல் இருக்க: ஊசியா, மாத்திரையா, ஒன்றுமே வேண்டாமா?

கணுக்கால் எலும்பு முறிந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து, மாவுக்கட்டோடு வீட்டுக்கு வருகிறவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டுகள் ஒன்று போல இருப்பதில்லை. ஒருவருக்குத் தினம் ஒரு ஊசி, வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ஆஸ்பிரின். மூன்றாமவருக்கு எதுவும் இல்லை, "காலை ஊன்றாதீர்கள், ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்பதோடு சரி.

மருந்துக்கடையில் நிற்கிற என்னிடம் இந்தச் சீட்டுகளோடு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். "அண்ணே, இந்த ஊசி இவ்வளவு விலை சொல்றீங்க, இதையே மாத்திரையா குடுக்க முடியாதா?" என்பது ஒன்று. "எங்க அப்பாவுக்கு ரத்தம் உறையாம இருக்க ஒண்ணுமே எழுதலையே, டாக்டர் மறந்துட்டாரா?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். மூன்று பேருக்கும் மூன்று விதமாக எழுதியதில் தவறு இல்லாமலும் இருக்கலாம். ஏன் என்று புரிந்துகொண்டால் உங்கள் சர்ஜனிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும். மருந்தை நீங்களாகவே மாற்றிக்கொள்வதற்கு அல்ல, கேட்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எதை வைத்து முடிவு செய்வது

நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி விரிந்து, காலில் இருக்கும் ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. காலைக் கட்டிப்போட்டால் அந்த வேலை நின்றுபோகிறது. ரத்தம் தேங்குவது, ரத்தக்குழாயில் அடிபடுவது, ரத்தத்துக்கே உறையும் தன்மை கூடுவது என மூன்று காரணங்களை 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் விர்ஷோவின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். எலும்பு முறிவு, ஆபரேஷன், மாவுக்கட்டு மூன்றும் சேர்ந்தால் அந்த மூன்று காரணங்களும் ஒரே காலில் கூடிவிடுகின்றன. கெண்டைக்கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டிவிட்டால் காலில் வலியும் வீக்கமும் வரும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அதற்காக எல்லோரும் பயப்பட வேண்டியதும் இல்லை. பாதம், கணுக்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், தொந்தரவு தருகிற அளவுக்கு ரத்தக்கட்டி வருவது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத்தான். இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷன்களுக்கு எல்லோருக்கும் தடுப்பு மருந்து தருவது வழக்கமாகிவிட்ட மாதிரி இங்கே ஆகாததற்குக் காரணம் இதுதான். ஆனால் எல்லோருக்கும் அதே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. குதிகால் தசைநார், அதாவது அக்கிலீஸ், அறுந்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல்.

என் பார்வையில் முதல் கேள்வி "எந்த மருந்து நல்லது" என்பது அல்ல. "கால் எத்தனை நாள் தரையில் படாமல் இருக்கப் போகிறது" என்பதுதான். அதற்கு அடுத்து உங்கள் பழைய கதை. முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்ததா? அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு வந்ததா? புற்றுநோய் சிகிச்சை நடக்கிறதா? உடல் எடை மிக அதிகமா? சமீபத்தில் பிரசவம் ஆனதா?

பெண்களிடம் இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும், நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கோவில் திருவிழா, கல்யாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிச் சாப்பிட்டீர்களா? சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கும் அந்த நாரெத்திஸ்டெரோன் மாத்திரையும் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். அதை யாரும் 'மருந்து' என்று கணக்கில் வைப்பதில்லை. அதனால் ஆபரேஷனுக்கு முன் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்கும்போது சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொல்லிவிடுங்கள்.

தராசின் அடுத்த தட்டில் ரத்தக்கசிவு இருக்கிறது. வயிற்றுப்புண், முன்பு மூளையில் ரத்தக்கசிவு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு, கட்டுப்படாத பிபி, கல்லீரல் நோய், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அதிகம் என்று எது இருந்தாலும் மருந்தின் கணக்கு மாறிவிடும். கடைசியாக, தினமும் ஊசியை யார் போடுவது, எத்தனை நாளைக்குப் பணம் போதும் என்பதும் கணக்கில் வர வேண்டும். பத்து நாள் ஊசியை மூன்றே நாளில் நிறுத்திவிடுவதற்கு, முதலிலேயே சொல்லி வேறு வழி கேட்பது எவ்வளவோ மேல்.

மருந்து இல்லாமல்

கட்டைவிரல் வளைவை நேராக்கும் ஆபரேஷன், விரலில் சின்ன ஆபரேஷன், உள்ளே வைத்த கம்பியை எடுப்பது போன்றவற்றில் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே தனிக் காலணி போட்டு நடக்கவிட்டு விடுவார்கள். இளம் வயது, வேறு ஆபத்து எதுவும் இல்லை, ஆபரேஷனும் சீக்கிரம் முடிந்தது என்றால் மருந்து வேண்டாம் என்பது கவனக்குறைவு அல்ல, யோசித்து எடுத்த முடிவு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தப் போக்கில்தான் இருக்கிறது. கால் அசையாமல் கட்டப்பட்டிருந்தாலோ, மயக்க மருந்து நேரம் 90 நிமிடத்தைத் தாண்டினாலோ, நோயாளியின் சொந்த ஆபத்து கூடுதலாக இருந்தாலோ மருந்து தருவதைப் பற்றி யோசியுங்கள் என்கிறது.

நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டவர்களில் பாதிப் பேருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசி போட்டார்கள், மீதிப் பேருக்கு எதுவும் தரவில்லை. ஊசி போட்டவர்களில் 1.4 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும் ரத்தக்கட்டி வந்தது. வித்தியாசம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. அவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமல் கட்டு மட்டும் போட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் "கட்டு போட்டாலே எல்லோருக்கும் ஊசி" என்ற எண்ணத்தை அந்த ஆய்வு அசைத்துவிட்டது.

மருந்து இல்லை என்றால் ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பது என்று அர்த்தம் இல்லை. இந்த வழியில் பணச் செலவு இல்லை, உழைப்பு இருக்கிறது. விரல்களை மடக்கி நீட்டுவது, கட்டுக்குள்ளேயே கெண்டைச்சதையை இறுக்கித் தளர்த்துவது, தொடையை இறுக்கிக் காலைத் தூக்குவது என்று பகலில் மணிக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். வாக்கரையோ ஊன்றுகோலையோ பிடித்து, ஆபரேஷன் செய்த காலை ஊன்றாமலே அறைக்குள் நடமாட வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். கழிவறைக்கு எழுந்து போவது கஷ்டம் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற பெரியவர்கள் நிறையப் பேர். வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீக்கம் குறைய அந்தக் காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது நல்லது, ஆனால் அதையே சாக்காக வைத்து நாள் முழுக்கப் படுத்திருப்பது கெடுதல்.

சொந்த ஊருக்குப் போய் ஓய்வெடுக்கலாம் என்று தையல் பிரிப்பதற்குள் பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போவதையும், விமானம் ஏறுவதையும் கூடுமானவரை தள்ளிப்போடுங்கள். தவிர்க்கவே முடியாது என்றால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து வேண்டாம் என்று எடுத்த முடிவு அந்தப் பயணத்தால் மாறலாம்.

எனாக்ஸாபரின் ஊசி

ஹெபாரின் வகையைச் சேர்ந்த இந்த ஊசி நீண்ட காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. வழக்கமான தடுப்பு அளவு தினம் ஒரு முறை 40 மில்லிகிராம். நிரப்பிய சிரிஞ்சாகவே வருகிறது. கர்ப்பிணிக்குக் கணுக்கால் முறிந்தால் முதலில் நினைக்கப்படும் மருந்து இது, ஏனென்றால் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இதுவே வசதி. வேறு மாத்திரைகளோடு மோதல் குறைவு. மருந்தை நிறுத்தினால் வேகமும் சீக்கிரம் அடங்கும். இரண்டாவது ஆபரேஷன் வரலாம் என்கிற நிலையில் சர்ஜன்கள் இதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் போட்டுக்கொள்வது பலர் நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, பக்கவாட்டில், தோலைச் சதையோடு சேர்த்து இரண்டு விரலால் பிடித்து, ஊசியை நேராக உள்ளே இறக்கி, மருந்து முழுக்கப் போகும்வரை பிடித்த மடிப்பை விடாமல் இருக்க வேண்டும். சிரிஞ்சுக்குள் இருக்கும் சின்னக் காற்றுக்குமிழியை வெளியே தள்ள வேண்டியதில்லை. அதைத் தள்ளப் போய் மருந்தையும் சிந்திவிடுகிறார்கள். போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் நீலம் பாரிக்கும். இன்று வலது பக்கம் என்றால் நாளை இடது. சிரிஞ்சை வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும், உறைய விடக் கூடாது.

இனி கூடவே வரும் செலவுகள். ஒரு ஊசியின் விலை ஒரு ஆஸ்பிரின் மாத்திரையைப் போலப் பல மடங்கு. நான்கு, ஆறு வாரம் என்று நீண்டால் மொத்தம் பெரிய தொகை. வீட்டில் போடப் பயந்து தினமும் ஆட்டோ வைத்து நர்சிங் ஹோமுக்குப் போனால், ஊசி விலையோடு ஆட்டோக்காரருக்கும் கொடுக்க வேண்டும், கட்டுப் போட்ட காலோடு படியும் ஏற வேண்டும். அதைவிட, டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வார்டு நர்ஸிடம் சொல்லி, வீட்டில் ஒருவர் கையால் ஒரு ஊசியைப் போட்டுப் பழகிவிட்டு வருவது நல்லது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்து உடம்பில் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கிரியாட்டினின் பார்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது. அபூர்வமாக ஐந்தாம் நாளுக்குப் பிறகு தட்டணுக்கள் சட்டென்று குறைவதும் உண்டு. இன்னொன்று, எனாக்ஸாபரின் பன்றியின் குடலிலிருந்து தயாராகிறது. உயிர் காக்கும் தேவைக்கு ஏற்கலாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், சிலருக்கு மனம் ஒப்பாது. மதம் காரணமாகவோ சைவ உணவுப் பழக்கம் காரணமாகவோ தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். ஃபோண்டாபாரினக்ஸ் என்ற செயற்கை ஊசியும், கீழே வரும் மாத்திரைகளும் இருக்கின்றன.

ரிவராக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரைகள்

"மாத்திரையா குடுக்க முடியாதா" என்ற கேள்விக்கு இன்று நேர்மையான பதில், பலருக்கு முடியும் என்பதுதான். 2020இல் வெளிவந்த ப்ரோனோமோஸ் என்ற ஆய்வில், கால் ஆபரேஷனுக்குப் பிறகு காலை முழுதாக ஊன்ற முடியாமல் இருந்த 3,600க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். இடுப்பு, முழங்கால் மாற்றம் போன்ற பெரிய ஆபரேஷன்கள் இதில் இல்லை. ஒரு பாதிக்குத் தினம் 10 மில்லிகிராம் ரிவராக்ஸபான், மறுபாதிக்கு 40 மில்லிகிராம் எனாக்ஸாபரின். பெரிய அளவு ரத்தக்கட்டி மாத்திரைக்காரர்களில் 0.2 சதவீதம், ஊசிக்காரர்களில் 1.1 சதவீதம். ரத்தக்கசிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லப்பட்ட, சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருக்கிற ஒருவருக்கு நான் யோசனை சொல்வதானால் "இந்த மாத்திரை எனக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்" என்றுதான் சொல்வேன். ஊசியைப் பாதியில் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த முடிவு அது. இங்கே பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் முன்பு போல இல்லை.

ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கட்டியைத் தடுக்க என்று இந்த மாத்திரைகளுக்குக் கிடைத்த அனுமதியில் பொதுவாக எழுதியிருப்பது இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷன்கள்தான். கணுக்காலுக்குத் தருவது மருத்துவரின் சொந்த முடிவு. சிலர் தயங்குவதற்கு அதுவும் காரணம்.

மற்ற மருந்துகளோடு மோதுவதுதான் இதில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து. நம் ஊரில் படர்தாமரைக்கு இட்ராகோனசோல் காப்ஸ்யூலை வாரக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். அதோடு ரிவராக்ஸபான் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும், கசிவு வரலாம். நேர்மாறாக, காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபின் இரண்டும் மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். தினமும் தவறாமல் சாப்பிட்டும் பாதுகாப்பு இருக்காது. கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் கூடாது. மாதவிடாய்க் காலத்தில் உதிரப்போக்கு அதிகமாகலாம், ஏற்கெனவே ரத்தசோகை இருக்கும் பெண்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆஸ்பிரின்

மலிவு, எங்கும் கிடைக்கும், எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2023இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் எலும்பு முறிந்த 12,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு ஆஸ்பிரினுக்குப் புது மதிப்பைக் கொடுத்தது. தினம் இரண்டு வேளை 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களும், எனாக்ஸாபரின் ஊசி போட்டவர்களும் இறப்பில் ஏறக்குறைய சமம். நுரையீரலில் கட்டி இரு தரப்பிலும் 1.49 சதவீதம். காலில் கட்டி மட்டும் ஆஸ்பிரின் தரப்பில் சற்றுக் கூடுதல், 2.51க்கு எதிராக 1.71 சதவீதம். ஊசிக்குப் பணம் இல்லாத, ஆபத்து நடுத்தரமாக இருக்கிற ஒருவருக்கு இது கௌரவமான மாற்று. முன்பு ரத்தக்கட்டி வந்தவருக்கு, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு ஆஸ்பிரினை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலிவாக இருப்பதால் பயம் விட்டுப்போவதுதான் இதில் சிக்கல். வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கும், வலி மாத்திரை சாப்பிட்டால் மூச்சு இழுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஒத்துக்காது. மழைக்காலத்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினைத் தொடர்வதா என்று உடனே கேட்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் "அதான் ஒன்று சாப்பிடுகிறோமே" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள், சிலர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். இரண்டுமே டாக்டர் சொல்லி நடக்க வேண்டியவை.

அழுத்தக் காலுறையும் மற்றவையும்

அழுத்தக் காலுறையை மாவுக்கட்டு போட்ட காலில் மாட்ட முடியாது. நல்ல காலில் போடலாம், அதனால் கிடைக்கும் பலன் சிறியது. சர்க்கரை நோயால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும், காலில் உணர்ச்சி மரத்தவர்களுக்கும் இது புண்ணையே உண்டாக்கிவிடும். காற்றடித்து அழுத்தும் கருவி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்கு நல்லது, மருந்து தரவே முடியாத ரத்தக்கசிவு நோயாளிக்கு அதுதான் துணை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மாத்திரைகளான வார்ஃபரின், அசிட்ரோம் இரண்டையும் இதற்காகப் புதிதாகத் தொடங்குவது இன்று அரிது. வால்வு ஆபரேஷனுக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் சர்ஜனும் பேசி முடிவு செய்ய வேண்டும். வீக்கம் வற்ற என்று சீட்டில் எழுதும் மாத்திரை ரத்தக்கட்டியைத் தடுப்பதில்லை, அதை வைத்துத் திருப்திப்பட வேண்டாம்.

எந்த வழியானாலும் இவை பொருந்தும்

அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மேலே சொன்ன எந்த மருந்தோடும் தானாக வாங்கிச் சேர்க்காதீர்கள். இந்தக் கூட்டணி ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டிவிடும். வலிக்கு பாரசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

மாவுக்கட்டுக்குள் கால் வீங்கியிருப்பது வெளியே தெரியாது. கட்டு திடீரென்று இறுகுவது போல இருந்தால், கெண்டைச்சதையில் இதுவரை இல்லாத வலி வந்தால், தொடைவரை வீக்கம் ஏறினால் அன்றே போய், காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் கெண்டைக்காலைத் தொடவிடாதீர்கள், இருக்கும் கட்டி நகர்ந்துவிடலாம். மூச்சு வாங்குவது, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம் என்று எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் இது பொருந்தும். மருந்து ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும், நிறுத்தும் தேதி பல நேரம் இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாகக் கட்டு இருக்கும்வரை, அல்லது காலை ஊன்றி நடக்கத் தொடங்கும்வரை தருவார்கள். 42 நாளுக்கு மேல் நீளும்போது நிறுத்துவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது நைஸ் வழிகாட்டுதல். மறு பரிசோதனையில் "எலும்பு இன்னும் கூடவில்லை, இன்னும் மூன்று வாரம் கட்டு இருக்கட்டும்" என்று சொன்னால், அந்த மூன்று வாரத்துக்கும் ஊசியோ மாத்திரையோ தொடர வேண்டுமா என்று அங்கேயே, அந்த நிமிடமே கேட்டுவிடுங்கள்.